டீசல் டேங்க் ஒழுகுகிறதா? ஒட்டுப் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலும், பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்து வயல்களிலும் ஓடும் பழைய டிராக்டர்களுக்குப் பெரிய எதிரி உப்புக்காற்று. எஞ்சின் நல்ல நிலையில் இருக்கும்போதே டீசல் டேங்கின் தகடு அரித்துவிடுகிறது.

அரிப்பு இரண்டு பக்கமும் நடக்கிறது. டேங்கைப் பிடித்திருக்கும் பட்டைக்கு அடியில் உப்பும் ஈரமும் தங்கி வெளிப்புறத்தைத் தின்கின்றன. பாதி காலியான டேங்கில் இரவுக் குளிருக்கு உள்காற்றின் ஈரம் நீராகிறது. தண்ணீர் டீசலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கி, அங்கே துருவை உண்டாக்குகிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

டீசல் ஃபில்டர் அடிக்கடி அடைத்தாலோ, சுமை ஏறும்போது வண்டி திணறினாலோ டேங்கின் அடி டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஓரிரவு வையுங்கள். அடியில் தண்ணீரோ செம்மண் நிறத் துகளோ தெரிந்தால் உள்ளே துரு பிடித்திருக்கிறது. பட்டை ஓரத்தில் பெயின்ட் கொப்பளித்திருக்கிறதா என்றும் பாருங்கள். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் வண்டி திணறும். அதை முதலில் சுத்தம் செய்யுங்கள்.

வெல்டிங் வேண்டாம்

சோப்பு, எம்-சீல் எல்லாம் வீடு வந்து சேரும் வரைக்குத்தான். காலி டேங்கை வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிச் செல்வது உயிரோடு விளையாடுவது. டீசலை வடித்த பிறகும் தகட்டில் ஒட்டியிருப்பது சூட்டில் ஆவியாகி, பொறி பட்டதும் வெடிக்கும். தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும் என்று நம்பாதீர்கள். மேலும், துருவில் மெலிந்த தகட்டில் ஒரு ஓட்டையை அடைத்தால் பக்கத்திலேயே இன்னொன்று விழும்.

எந்த டேங்க் வாங்குவது?

உங்கள் மாடலுக்கான டேங்கே நல்லது. கிடைக்காமல் பட்டறையில் செய்தால் ஜி.ஐ. தகடு வேண்டாம். அதிலுள்ள துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து பசைபோலாகி ஃபில்டரையும் நாசிலையும் அடைக்கும். எரிபொருளுக்கென்றே தயாரித்த கெட்டி பிளாஸ்டிக் டேங்க் துருப்பிடிக்காது. தண்ணீர் டிரம்மை மாட்டாதீர்கள். ஃபைபர் படகின் டீசல் எஞ்சினுக்கும் இதே விதிதான்.

மாற்றும் முறை

எஞ்சின் ஆறிய பிறகு, திறந்த வெளியில், பீடி, அடுப்பு எதுவும் அருகில் இல்லாமல் தொடங்குங்கள். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள். டீசலை மூடியுள்ள கேனில் வடியுங்கள். எஞ்சினுக்குப் போகும் குழாய், திரும்பி வரும் குழாய் இரண்டுக்கும் அடையாளம் கட்டிவிட்டுக் கழற்றி, வாயை அடைத்து வையுங்கள். டீசல் அளவு காட்டும் வயரை எடுத்துவிட்டுப் பட்டையைத் தளர்த்துங்கள்.

டேங்க் உட்காரும் இடத்தின் துருவைச் சுரண்டி பிரைமர், பெயின்ட் அடியுங்கள். பட்டைக்கு அடியில் புது ரப்பர் வையுங்கள். ஈரம் உறிஞ்சும் சாக்குத்துணி ஆகாது. வெடித்த ரப்பர் குழாய்களையும் ஃபில்டரையும் அதே நாளில் மாற்றிவிடுங்கள். பழைய குழாயில் உள்ள துரு புது ஃபில்டரை அடைத்துவிடும்.

டீசல் ஊற்றியதும் ஃபில்டரின் ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் முறுக்குங்கள். பிறகு பம்பிலும் அப்படியே ஏர் எடுங்கள். ஸ்டார்ட் செய்து ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு பாருங்கள்.

துருவும் தண்ணீரும் கலந்த டீசலை ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். இறாலும் நண்டும் வளரும் தண்ணீர் அது. மூடிய கேனில் வைத்து, கழிவு எண்ணெய் எடுப்பவரிடம் கொடுங்கள்.

இனி வேலை முடிந்த மாலையிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். காற்றுக்கு இடம் குறைந்தால் தண்ணீரும் குறையும். மாதம் ஒருமுறை அடி டீசலைச் சிறிது வடித்துப் பாருங்கள். உப்புத் தண்ணீரில் இறங்கிய வண்டியை அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். விரிவாக்கப் பணியாளர்கள் பாட்டில் சோதனையைக் கிராமக் கூட்டங்களில் செய்து காட்டலாம். அதற்கு ஒரு கண்ணாடி பாட்டிலைத் தவிர வேறு செலவில்லை.