பூட்டு சரி, சாவி யாரிடம்?

2025 மார்ச்சில் ஏமன் மீதான தாக்குதலைப் பற்றி அமெரிக்க அமைச்சர்களும் உயரதிகாரிகளும் சிக்னல் செயலியில் குழு அமைத்துப் பேசினார்கள். ‘தி அட்லாண்டிக்’ இதழாசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பர்க்கும் தவறுதலாக அந்தக் குழுவில் சேர்க்கப்பட்டிருந்தார். செயலியின் மறையாக்கத்தை (என்கிரிப்ஷனை) யாரும் உடைக்கவில்லை. ஆனாலும் ரகசியம் வெளியே வந்தது.

விலைப்பட்டியல், பில், வாடிக்கையாளரின் ஆதார் நகல் என அனைத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் நம் வியாபாரிகளுக்கும் இதில் பாடம் உண்டு. 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகளுக்கு இருமுனை மறையாக்கம் இருக்கிறது. அனுப்பியவரும் பெறுபவரும் தவிர, இடையில் வேறு யாராலும் படிக்க முடியாது. டெலிகிராமிலோ ‘ரகசிய உரையாடல்’ என்று தனியாகத் தொடங்கினால்தான் இந்தக் காப்பு கிடைக்கும். எந்தச் செயலியானாலும், மறையாக்கம் காப்பது வழியை மட்டுமே. கசிவெல்லாம் இரு முனைகளில்தான்.

எங்கே கசிகிறது?

வேலையை விட்டுப் போனவர் குழுவில் தொடர்வார். அலுவலகக் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்தே கிடக்கும். கூகுள் டிரைவுக்குப் போகும் காப்பு நகலுக்குத் தனியாக மறையாக்கம் போட்டிருக்க மாட்டோம். எல்லாவற்றிலும் ஆபத்தானது, “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள்” என்று வரும் செய்தி. சப்ளையரின் எண் திருடப்பட்டிருந்தால், மோசடிச் செய்தியும் அதே மறையாக்கத்தோடு பத்திரமாக வந்து சேரும்.

என்ன செய்யலாம்?

இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்குங்கள். ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பகுதியை அடிக்கடி பார்த்து, தெரியாததை நீக்குங்கள். ஊழியர் விலகும் நாளிலேயே குழுவிலிருந்தும் நீக்குங்கள். கணக்கு எண் மாறியதாகச் செய்தி வந்தால், ஏற்கெனவே தெரிந்த எண்ணில் அழைத்துக் குரலைக் கேட்ட பிறகே பணம் அனுப்புங்கள்.

தானாக மறையும் செய்திகளை ஆர்டருக்கும் பணப் பேச்சுக்கும் பயன்படுத்த வேண்டாம். வழக்கு என்று வந்தால் அந்தப் பேச்சுகள்தான் சாட்சி. சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலோடு சான்றிதழும் தர வேண்டும். அதனால் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாமல், செய்தி வந்த போனையும் பத்திரப்படுத்துங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாடிக்கையாளரின் தகவலை வாங்கி வைத்திருப்பவரே அதைக் காக்கவும் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். படிப்படியாக நடைமுறைக்கு வரும் இச்சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். பிறர் பாஸ்வேர்டைத் திருடிப் பயன்படுத்துவதும் கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளில் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றங்கள்.

பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் சொன்னால்தான் முடக்கி வைக்க முடியும். பரிவர்த்தனை எண், தேதி, தொகை மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.