கண்ணின் கதை – 14: வெட்டி எடுக்காமல் ஒரு சிகிச்சை

கெரட்டோகோனஸ் எனும் கூம்புக் கருவிழி நோயை ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால், ரிபோஃப்ளேவின் சொட்டும் புறஊதா ஒளியும் சேர்ந்து அது முற்றாமல் தடுக்கும் என்று சென்ற வாரம் பார்த்தோம். முற்றிய பிறகு வருகிறவர்களை என்ன செய்வது? அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமாக இருக்க வேண்டிய கருவிழி மெலிந்து முன்னே புடைத்துவிடும். கண்ணாடி பயன்படாது, காண்டாக்ட் லென்ஸும் நிலையாக உட்காராது. இவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள் என்பதுதான் வேதனை.

இதுவரை அவர்களுக்கு இருந்த வழி, தானமாக வந்த கருவிழி. இன்று பல மருத்துவர்கள் முழுத் தடிமனையும் மாற்றுவதில்லை. உள்ளடுக்கை அப்படியே விட்டு மேலடுக்குகளை மட்டும் மாற்றும் 'டால்க்' முறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். புதிய திசுவை உடல் நிராகரிக்கும் ஆபத்து அதில் குறைவு. ஆனால் இரண்டிலும் தையல் உண்டு. முடியைவிட மெல்லிய நைலான் இழையில், பெரும்பாலும் பதினாறு தையல்கள். ஒன்று கூடுதலாக இறுகினாலும் கருவிழியின் வளைவு கோணிப் பார்வை சிதறும். எல்லாவற்றையும் பிரித்து முடிக்க ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். படிக்கிற, வேலை தேடுகிற வயதில் அது சின்னக் காலம் அல்ல.

2022 ஆகஸ்டில் 'நேச்சர் பயோடெக்னாலஜி' இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஸ்வீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நீல் லகாலி, மெஹர்தாத் ரஃபாத் குழுவினர், பன்றித் தோலிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த கொலாஜனைக் கண்ணாடிபோல் தெளிந்த தகடாக்கியிருந்தார்கள். லேசரால் கருவிழியின் நடுவே சிறு பை போல ஓர் இடம். 2 மில்லிமீட்டர் கீறல். அதன் வழியே தகட்டை உள்ளே செருகிவிடுவார்கள். தையல் இல்லை. நோயாளியின் திசு எதுவும் வெளியே போவதில்லை. எதிர்ப்பை அடக்கும் சொட்டு மருந்து எட்டு வாரம் போதுமானதாக இருந்தது.

டெல்லி எய்ம்ஸிலும் ஈரானிலுமாக 20 பேருக்கு இதைச் செய்தார்கள். அவர்களில் 14 பேர் பார்வையற்றோர் என்ற கணக்கில் இருந்தவர்கள். இரண்டு ஆண்டு முடிவில் அந்தக் கணக்கில் ஒருவரும் இல்லை. கருவிழியின் தடிமன் சராசரியாக இந்தியாவில் 209 மைக்ரான், ஈரானில் 285 மைக்ரான் கூடியது. காண்டாக்ட் லென்ஸையும் தாங்கியது.

இழந்தது தடிமன்; அதையே திருப்பித் தருகிறது என்பதால் இந்த முறையை நான் பெரிதும் நம்புகிறேன். தானக் கருவிழியை இரண்டு வாரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். இந்தத் தகட்டை இரண்டு ஆண்டு வரை வைத்திருக்கலாம். கண் வங்கியே இல்லாத ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனாலும், டால்க்கை ஓரம்கட்ட 20 பேர் போதாது. மாற்று அறுவை செய்துகொண்ட இன்னொரு குழுவை அருகே வைத்து ஒப்பிட்ட ஆய்வும் அல்ல இது. பெரிய ஆய்வு தேவை. தவிர, எதையும் எடுக்காத சிகிச்சை தழும்பையும் எடுக்காது. திடீரென உள்சவ்வு கிழிந்து, கருவிழி நீர்கோத்து வெளுத்து, நடுவில் ஆழமான தழும்பு விழுந்தவர்களும் உண்டு. அவர்களில் பலருக்கு டால்க்கே கடினம். தானமாக வந்த முழுக் கருவிழிதான் அவர்களுக்கு வழி.