கட்கித் தோட்டாவும் ஹைட்ரஜன் காரும்: எலக்ட்ரான் எந்த வழியில் போகிறது?

புனேயின் கட்கியில் 1869-இல் தொடங்கிய தோட்டாத் தொழிற்சாலை இன்றும் இயங்குகிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் போனால் பாஷாண் சாலையில் தேசிய வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. 2020 அக்டோபரில் அந்த வளாகத்தில் ஹைட்ரஜன் எரிபொருள் மின்கலத்தால் ஓடும் கார் ஒன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். தோட்டா வெடிப்பதும் அந்தக் கார் நகர்வதும் வேதியியல் கண்ணுக்கு ஒரே குடும்பத்து வினைகள். எலக்ட்ரான் எந்த வழியில் கைமாறுகிறது என்பதில்தான் வேறுபாடு. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் நான்கைந்து இயல்களில் சிதறிக் கிடக்கும் செய்திகளை இந்த ஒரு கேள்வி சேர்த்துக் கட்டிவிடும்.

ஓர் அணு எலக்ட்ரானை இழந்தால் அது ஆக்சிஜனேற்றம். பெற்றுக்கொண்டால் ஒடுக்கம். ஒன்று இழக்காமல் இன்னொன்று பெற முடியாது. அதனால் இரண்டும் எப்போதும் சேர்ந்தே நடக்கும். பெயரில் ஆக்சிஜன் இருந்தாலும் வினையில் அது இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தோட்டாக்களில் அடைக்கப்பட்ட கருமருந்தை எடுத்துக்கொள்வோம். வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட் 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. உண்மையில் அதற்குள் பல வினைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பாடநூல்கள் அவற்றைச் சுருக்கி, இரண்டு மூலக்கூறு வெடியுப்பும் ஓர் அணு கந்தகமும் மூன்று அணு கரியும் சேர்ந்து பொட்டாசியம் சல்பைடு, நைட்ரஜன், மூன்று கார்பன் டை ஆக்சைடு ஆகின்றன என்று எழுதும். ஒவ்வொரு கார்பனும் நான்கு எலக்ட்ரான்களை இழக்கிறது. மூன்றுக்கும் சேர்த்து 12. வெடியுப்பில் ஆக்சிஜனேற்ற எண் 5-ஆக இருந்த நைட்ரஜன் சுழிக்கு இறங்குகிறது; இரண்டு நைட்ரஜனுக்கு 10 எலக்ட்ரான்கள். மீதி இரண்டைக் கந்தகம் வாங்கிக்கொள்கிறது. கொடுத்தது 12, வாங்கியது 12. ஆக்சிஜனேற்ற எண் என்பதைத் தேர்வுக்கான மனப்பாடமாகவே பலர் நினைக்கிறார்கள். அது இந்த வரவு செலவைச் சரிபார்க்கும் கணக்கு முறைதான். கணக்கு ஒத்துவரவில்லை என்றால் சமன்பாட்டில் எங்கோ தவறு இருக்கிறது.

கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே பொடிக்குள் உரசிக்கொண்டிருப்பதால் கருமருந்தில் எல்லாம் கண நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆற்றல் முழுவதும் வெப்பமாகவும் விரியும் வாயுவாகவும் வெளிவருகிறது. அதை நடுவழியில் நிறுத்தவும் முடியாது, கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கவும் முடியாது.

மருந்தை விட்டுவிட்டு உறையைப் பார்ப்போம். தோட்டா உறைக்கான பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். பள்ளி ஆய்வகத்து டேனியல் மின்கலத்தில் இருப்பவையும் இதே இரண்டு உலோகங்கள்தான்.

துத்தநாகத் தகடு ஒன்றை நீல நிறச் செம்புச் சல்பேட் கரைசலில் நேரடியாகப் போட்டால், தகட்டின் மேல் செம்பு படியும், நீலம் வெளிறும், கரைசல் சூடாகும். எலக்ட்ரான் தகட்டிலிருந்து செம்பு அயனிக்கு அங்கேயே தாவிவிடுகிறது. கிடைப்பது வெறும் சூடு. 1836-இல் ஜான் டேனியல் இந்த இருவரையும் பிரித்து வைத்தார். துத்தநாகம் ஒரு பக்கம், செம்புச் சல்பேட்டில் நிற்கும் செம்பு மறு பக்கம், இரண்டையும் வெளியே இணைக்க ஒரு கம்பி. இப்போது எலக்ட்ரானுக்குக் கம்பியைத் தவிர வேறு வழி இல்லை. அது போகும் வழியில் ஒரு சிறு விளக்கை வைத்தால் எரிகிறது. துத்தநாகத்தின் திட்ட மின்னழுத்தம் மைனஸ் 0.76 வோல்ட், செம்பினுடையது பிளஸ் 0.34, வேறுபாடு 1.10 வோல்ட். மின்கலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட் எண் எல்லாம் இப்படிப்பட்ட கழித்தல் கணக்கிலிருந்து பிறந்ததுதான்.

மாணவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம், இரு பக்கக் கரைசல்களையும் இணைக்கும் உப்புப் பாலம். அதன் வழியே எலக்ட்ரான் போவதில்லை. துத்தநாகப் பக்கம் நேர் அயனிகள் பெருகும், செம்புப் பக்கம் குறையும். அந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய அயனிகள் நகர்வதற்கே பாலம். அதை எடுத்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும். இன்னொன்றையும் உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆக்சிஜனேற்றம் நடக்கும் முனை ஆனோடு, ஒடுக்கம் நடக்கும் முனை கேத்தோடு. பிளஸ், மைனஸ் குறிகள் மின்கலத்துக்கும் மின்னாற்பகுப்புக்கும் இடையே மாறும். இந்த வரையறை மாறாது.

கம்பியே போடாமல் தானாக நடக்கும் எலக்ட்ரான் கைமாற்றமும் உண்டு. அதைத்தான் அரிப்பு என்கிறோம். பிரிட்டிஷ் இந்தியப் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாக வெடிப்பு விட்டன. குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தவைதான் அதிகம் கெட்டன. காரணம் 1921-இல்தான் தெளிவாயிற்று. லாயத்துச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, ஈரக் காற்று, உறையை இழுத்து உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இழுவிசை மூன்றும் கூடிச் செய்த வேலை அது. ஈரத்தில் கரைந்த ஆக்சிஜன் செம்பிடமிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்குகிறது. அயனியான செம்பை அம்மோனியா தன்னோடு கட்டிக் கரைத்துக்கொண்டு போகிறது. செம்புச் சல்பேட்டில் அம்மோனியா விட்டதும் வரும் அடர்நீலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. உறைகளை மிதமாகச் சூடாக்கி உள்விசையைத் தளர்த்துவதே தீர்வாக அமைந்தது.

இனி பாஷாண் சாலைக்கு வருவோம். ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் ஒரே கலனில் கலந்து பொறி காட்டினால் கருமருந்தைப் போலவே வெடிக்கும். எரிபொருள் மின்கலம் இவை இரண்டையும் மெல்லிய சவ்வு ஒன்றின் இரு பக்கங்களில் நிறுத்துகிறது. பிளாட்டினம் தடவிய ஆனோடில் ஹைட்ரஜன், புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரிகிறது. சவ்வு புரோட்டானை மட்டுமே விடும். எலக்ட்ரான் வெளிக்கம்பி வழியாகச் சுற்றி, மோட்டாரை இயக்கிவிட்டு, மறுபக்கம் ஆக்சிஜனையும் புரோட்டானையும் சந்திக்கிறது. மிஞ்சுவது தண்ணீர். வில்லியம் குரோவ் 1839-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே இதைச் செய்து காட்டிவிட்டார். நல்ல சவ்வும் மின்முனையும் செய்வதற்குத்தான் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

புனே காரில் தமிழ்நாட்டின் உழைப்பும் இருக்கிறது. தேசிய வேதியியல் ஆய்வகத்தோடும் கேபிஐடி நிறுவனத்தோடும் சேர்ந்து இதை உருவாக்கியது காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் அது காரைக்குடிக்கு வந்தது. 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். இதே கூட்டணியின் ஹைட்ரஜன் பேருந்து 2022 ஆகஸ்ட் 21-இல் புனேயில் அறிமுகமானது.

காரைப் பற்றிய அறிவிப்பில் 1.75 கிலோ ஹைட்ரஜன், சுமார் 350 பார் அழுத்தம், மிதமான வேகத்தில் 250 கிலோமீட்டர் என்று இருந்தது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கால் இதைச் சரிபார்க்கலாம். 1.75 கிலோ என்பது ஏறத்தாழ 870 மோல் ஹைட்ரஜன். மூலக்கூறுக்கு இரண்டு எலக்ட்ரான். ஒரு மோல் எலக்ட்ரானின் மின்சுமை 96,500 கூலும். பெருக்கினால் சுமார் 16.8 கோடி கூலும். ஒரு கலத்தின் கோட்பாட்டு மின்னழுத்தம் 1.23 வோல்ட் என்றாலும், ஓட்டத்தில் கிடைப்பது 0.65 அளவில்தான். அதைக் கொண்டு பெருக்கி, வரும் ஜூல்களை யூனிட்டாக மாற்றினால் சுமார் 30 யூனிட் மின்சாரம். 250 கிலோமீட்டருக்கு 30 யூனிட் ஒரு சிறு மின்காருக்குப் பொருத்தமான அளவு. அறிவிப்பில் மிகை இல்லை.

ஆனால் அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. தண்ணீரை மின்னாற்பகுத்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க நடைமுறையில் 50 யூனிட்டுக்கு மேல் செலவாகும். 1.75 கிலோவுக்கு ஏறத்தாழ 90 யூனிட். திரும்பக் கிடைப்பது 30. அதே மின்சாரத்தை லித்தியம் மின்கலத்தில் ஏற்றி ஓட்டினால் இழப்பு இதில் ஒரு சிறு பங்குதான். ஆகவே நகருக்குள் ஓடும் காருக்கு ஹைட்ரஜன் ஏற்ற வழியல்ல என்பது என் தீர்ப்பு. மின்கலத்தின் எடையைச் சுமக்க முடியாத நெடுந்தூரப் பேருந்துக்கும் சரக்கு லாரிக்கும், சவ்வையும் பிளாட்டினத்தையும் மலிவாக்க முடிந்தால், அது பொருந்தும். காரைக்குடியும் புனேயும் உழைக்க வேண்டியது சவ்வு, பிளாட்டினம் ஆகிய அந்த இரண்டில்தான்.