குமிழியை எண்ணாதீர்கள், கரைய விடுங்கள்

கொளத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருப்பவன் நான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும்: “அண்ணே, சிலிண்டர் வாங்கிட்டேன். நொடிக்கு எத்தனை குமிழி விடணும்?” கேட்பவர் போனில் அடி முழுக்கப் பச்சைப் புல் படர்ந்த ஒரு தொட்டியின் படம் இருக்கும். ஜப்பானின் நீகாட்டாவைச் சேர்ந்த தகாஷி அமானோ உலகெங்கும் பரப்பிய பாணி அது. அந்தப் பசுமைக்கு வெளிச்சம், உரம் இவற்றோடு கரியமில வாயுவும் வேண்டும் என்பது வருகிறவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. பிசகு கேள்வியில்தான். “தம்பி, எத்தனை விட்டோம்கிறது கணக்கில்லை, எவ்வளவு கரைஞ்சதுங்கிறதுதான் கணக்கு” என்பேன்.

வெறுமனே காற்றுபட நிற்கும் தண்ணீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராமை ஒட்டித்தான் இந்த வாயு இருக்கும். வேகமாக வளரும் செடிகளுக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை கொடுப்பது வழக்கம். இன்னொரு சிக்கலும் உண்டு. தண்ணீருக்குள் வாயு தானாகப் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. இலையை ஒட்டிய நீரில் வாயு தீர்ந்துவிட்டால் பக்கத்திலிருந்து அது வந்து சேராது, நீரோட்டம்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

கரைவது குமிழியின் மேற்பரப்பு வழியாகத்தான். 2 மில்லிமீட்டர் குமிழி ஒன்றை 0.2 மில்லிமீட்டர் குமிழிகளாக உடைத்தால் 1,000 குமிழிகள் கிடைக்கும். வாயு அதே அளவுதான், தண்ணீரைத் தொடும் பரப்போ 10 மடங்கு. சிறிய குமிழி மெதுவாக ஏறுவதால் கரைய நேரமும் கிடைக்கிறது. வாயுவைத் தண்ணீருக்குள் விடும் கருவியான டிஃப்யூசரில் உள்ள பீங்கான் வில்லையின் வேலை இதுதான். புதிதில் அதிலிருந்து புகைபோல மெல்லிய குமிழிகள் கிளம்பும். நாளாக ஆக வில்லையில் பாசி படிந்து துளைகள் அடைபடும். பிறகு ஓரத்தில் ஓரிரண்டு இடத்திலிருந்து மட்டும் பெரிய குமிழிகள் வரும். அப்போது வால்வைத் திறப்பதில் பயனில்லை. நீர்த்த பிளீச்சில் வில்லையை ஊறவைத்து, குளோரின் வாடை போகும்வரை நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள்.

அடுத்தது, வைக்கும் இடம். கண்ணாடிக்குப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். குமிழிகள் நேராக மேலேறி நீர்மட்டத்தில் வெடித்தால், சிலிண்டருக்குக் கொடுத்த காசு அறைக்குள் போகிறது. டிஃப்யூசரைத் தரையை ஒட்டி, ஃபில்டர் தண்ணீர் விழும் பக்கம் வையுங்கள். வரும் ஓட்டம் குமிழிகளைக் கீழே அழுத்தி, தொட்டியின் மறுகோடிவரை இழுத்துப் போகும். பெரிய தொட்டி என்றால் கேனிஸ்டர் ஃபில்டர் குழாயோடு ரியாக்டர் இணைப்பது நல்லது. அதில் தண்ணீர் மேலிருந்து கீழே பாயும், குமிழி எதிர்நீச்சல் போட்டு உள்ளேயே சுற்றும். ஆனாலும் குமிழி முழுசாக மறையாது. கரியமில வாயு வெளியேற வெளியேற, தண்ணீரில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் அதற்குள் புகுந்துகொள்ளும். ரியாக்டரின் உச்சியில் சேரும் இந்த வாயுவை அவ்வப்போது வெளியேற்றிவிட வேண்டும்.

கரைந்த அளவை அறிய, தொட்டிக்குள் மாட்டும் டிராப் செக்கர் என்ற சின்னக் குடுவை போதும். அதற்குள் தொட்டித் தண்ணீரை ஊற்றாதீர்கள். 4 டிகிரி கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை) என்று அளந்து தயாரித்த நீரையே ஊற்றி, புரோமோதைமால் நீலம் என்ற நிறங்காட்டியைச் சேருங்கள். நீலமாக இருந்தால் வாயு போதவில்லை, பச்சையானால் 30 மில்லிகிராமை ஒட்டி இருக்கிறது, மஞ்சளானால் மிஞ்சிவிட்டது. நிறம் மாற ஓரிரு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு வால்வைத் திருகுகிறவர்கள் வீட்டில்தான் மீன் சாகிறது.

தண்ணீரில் இந்த வாயு மிஞ்சினால் மீனின் ரத்தத்தில் இருப்பது செவுள் வழியாக வெளியேற முடியாமல் தங்கிவிடும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். சென்னை வெயிலில் தொட்டி 30 டிகிரியைத் தொட்டால் ஆக்சிஜனும் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் அளவுக்குத்தான் கரைந்து நிற்கும், ஆபத்து கூடும். இரவில் செடிகளும் ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் மின்சாரத்தில் திறந்து மூடும் சொலினாய்டு வால்வை டைமரோடு இணைத்து, விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாயுவைத் திறந்து, விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுங்கள். ஏர் பம்ப்பை இரவில் ஓடவிடுங்கள். பகலில் ஓட்டினால் கரைந்த வாயுவை அதுவே வெளியேற்றிவிடும்.

சிலிண்டர் மீட்டரை நம்பிக் காலியாவதைக் கணிக்க முடியாது. உள்ளே வாயு திரவமாக இருக்கும்வரை முள் அசையாது, திரவம் தீர்ந்ததும் சட்டென்று இறங்கிவிடும். எடை போட்டுப் பார்ப்பதே சரி.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் மாதிரி மெதுவாக வளரும் செடிகள் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செலவே வேண்டாம், அவை சிலிண்டர் இல்லாமலே வாழும். சிலிண்டர் வாங்கியே தீருவேன் என்பவர்கள், கையோடு ஒரு டிராப் செக்கரும் வாங்கிக்கொள்ளுங்கள். வால்வைத் தொடுவதற்கு முன் வில்லையைக் கழுவுங்கள், நீரோட்டத்தைச் சரிசெய்யுங்கள். பெரும்பாலும் அதற்குமேல் எதுவும் தேவைப்படாது.