ரிக் லாரி டிரைவரின் கடப்பாரை

போன வருஷம் ஆடி கடைசி. சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே ஒரு காய்ந்த ஏரிக்குள் என் ஜீப்பை இறக்கினேன். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி, புது டயர், யூடியூபில் ஐம்பது வீடியோ பார்த்த தைரியம். மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நூறடி போனதும் முன்சக்கரம் அப்பளத்தை உடைத்தது மாதிரி உள்ளே போனது. பதற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தேன். அச்சு வரைக்கும் புதைந்துவிட்டது. பின்சீட்டில் பையன். சேர்வராயன் மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

கரைமேல் ஒரு போர்வெல் ரிக் லாரி நின்றிருந்தது. அதன் டிரைவர் நடந்து வந்தார். "தம்பி, ரேஸ் பண்ணாதீங்க. மொதல்ல எறங்குங்க."

"உங்க லாரியில கட்டி இழுத்திரலாமாண்ணா?"

"இங்க எறக்குனா என் வண்டியத் தூக்க கிரேன்தான் வரணும்ங்க."

இந்தப் பதில்தான் இந்தக் குறிப்பை எழுத வைத்தது. நாமக்கல் லாரிக்குப் பேர்போன ஊர் என்றால், பக்கத்துத் திருச்செங்கோடு ரிக் வண்டிக்கு. இங்கிருந்து கிளம்பும் ரிக் வண்டிகள் பல மாநிலங்களுக்குப் போகின்றன. ஆட்கள் மாசக்கணக்கில் வண்டியோடுதான் சமையல், தூக்கம் எல்லாம். வேலையோ எப்போதும் ரோட்டை விட்டு இறங்கிக் காட்டுக்குள். ஆஃப் ரோடும் டிரக் கேம்பிங்கும் இவர்களுக்குப் பிழைப்பு.

ஒரு சின்னக் கணக்கு. டயர் தரையை அழுத்தும் அழுத்தம், சுமாராக உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம்தான். என் ஜீப்பில் 32 பிஎஸ்ஐ. கனரக லாரியில் 100-க்கு மேல். அதாவது லாரி ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் மூன்று மடங்கு அதிகமாக அமுக்குகிறது. இளகிய மண்ணுக்கு அதைவிட மோசமான வண்டி கிடையாது. அதனால் அந்த டிரைவர் வண்டியை நம்ப முடியாது. மண்ணைப் படித்தே ஆகவேண்டும். நான் வண்டியை நம்பினேன்.

அவர் மண்ணைப் பார்க்கும் விதம் இது. முதலில் இறங்கி நடப்பார். கோரை முளைத்த இடம், நிறம் கறுத்த இடம், மாட்டுக் குளம்பு ஆழமாகப் பதிந்த இடம், மூன்றையும் தவிர்ப்பார். அடுத்து ஒற்றைக் குதிகாலில் முழு எடையையும் போட்டு நிற்பார். 70 கிலோ ஆள், குதிகால் சுமார் 25 சதுர செ.மீ. என்றால் கிட்டத்தட்ட 40 பிஎஸ்ஐ வருகிறது. ஜீப் டயருக்குச் சரியான சோதனை!

ஆனால் குதிகால் சின்னது. அதன் அழுத்தம் ஆழத்துக்குப் போகாது. அகலமான டயரின் அழுத்தம் இன்னும் கீழே இறங்கும். ஏரியில் மேலே காய்ந்த ஓடு, அடியில் சேறு என்றால் குதிகால் ஏமாற்றிவிடும். அதற்குத்தான் கடப்பாரை. கையால் அழுத்தி ஒன்றரை அடி சுலபமாக இறங்கினால் அந்தப் பக்கம் போகவே கூடாது.

புதைந்த பிறகு நாங்கள் செய்தது: சக்கரத்தைச் சுற்றவிடவில்லை. அச்சுக்கு அடியிலும் சக்கரத்துக்குப் பின்னாலும் மண்ணைத் தோண்டினோம். டயர் காற்றை 18-க்கு இறக்கினோம். தரையைத் தொடும் பரப்பு நீளவாக்கில் கூடும். பக்கத்துத் தோட்டத்தில் கேட்டு வாங்கிய மரவள்ளிக் குச்சிக் கட்டுகளைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தோம். பிறகு லோ கியரில் மெதுவாக, பின்னோக்கி, வந்த தடத்திலேயே. வந்த தடம் வண்டியைத் தாங்கியது நமக்குத் தெரியும். முன்னால் இருப்பது தெரியாது. கடைசித் தூறல் விழும்போது கரை ஏறிவிட்டோம்.

இரண்டு எச்சரிக்கை. காற்று குறைத்த டயரின் பக்கச்சுவரைச் சீமைக் கருவேல முள் எளிதில் குத்தும். ரோடு ஏறும் முன் திரும்ப அடித்துவிடுங்கள். கயிறு கட்டி இழுத்தால் சேஸிஸ் கொக்கியில் மட்டும் கட்டுங்கள். கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நில்லுங்கள். அறுந்த கயிறு ஆளை அடிக்கும்.

ராத்திரி தங்குவதற்கும் அவரிடம் விதிகள் உண்டு. வண்டியின் மூக்கு வெளியேறும் திசையில் இருக்கவேண்டும். தென்னை மரத்தடி வேண்டாம், தனிப் பனை பக்கத்திலும் வேண்டாம். ஒன்றில் தேங்காய், ஒன்றில் இடி. இன்ஜினை ஓடவிட்டு ஏசியில் தூங்கக்கூடாது, அடுப்பை உள்ளே வைக்கவே கூடாது: கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. காய்ந்த ஆற்று மணலில் படுக்கக்கூடாது. திருமணிமுத்தாறும் சரபங்காவும் சேர்வராயனில் பிறப்பவை. இங்கே நட்சத்திரம் தெரியும்போதே மேலே மழை கொட்டியிருக்கலாம். காவிரி என்றால் மேட்டூரில் தண்ணீர் திறப்பதையும் பார்க்கவேண்டும். பட்டா நிலமானால் உரிமையாளரிடமும், காப்புக்காடானால் வனத்துறையிடமும் அனுமதி வாங்குங்கள்.

இப்போது என் வண்டியில் ஒரு கடப்பாரை நிரந்தரமாக இருக்கிறது. போன மாசம் ஒரு பொலியோரம் நிறுத்தியதும் நான் கியரை மாற்றப் போனேன். பையன் அதற்குள் இறங்கி, ஒற்றைக் குதிகாலில் நின்றுகொண்டிருந்தான்.