வீதி வேலைக்குப்பின் ஓரப் புற்றரை

யாழ்ப்பாணம் போன்ற நகரங்களில் வீதி அகலமாக்கப்படும்போதும் நீர்க்குழாய் புதைக்கப்படும்போதும் முதலில் அழிவது வீதியோரப் புற்றரையாகும். 2009ஆம் ஆண்டிற் போர் முடிவுற்றபின் வடபகுதி வீதிகள் பல திருத்தியமைக்கப்பட்டன. தார் இட்டு வேலை முடிந்ததும் பல இடங்களில் இருபுறமும் கல்லுங் கிரவலுமான வெறுந்தரையே எஞ்சுகிறது. இது நகரத்தார் கவலை, கமக்காரருக்கு இதனால் என்ன என்று எண்ணுதல் தவறு. புல்லற்ற ஓரத்து மண் மாரி மழையிற் கரைந்து வாய்க்காலிற் படியும். வாய்க்கால் தூர்ந்தால் அடுத்துள்ள வயலின் வெள்ளம் வடியாது. அதனினும் பெரிய கேடு பார்த்தீனியம் ஆகும்.

1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடைசெய்யப்பட்ட இக்களை, கிளறப்பட்ட வெறுந்தரையிற் செழித்து வளரும். ஏற்றிவரும் மண்ணோடும் இயந்திரச் சில்லுகளில் ஒட்டிய சேற்றோடும் இதன் விதை வந்து சேரும். ஒரு செடியே ஆயிரக்கணக்கான விதைகளை ஈனும். அங்கிருந்து வேலி தாண்டி வெங்காயத் தோட்டத்துட் புக நெடுங்காலஞ் செல்லாது. அதன்பின் தோட்டத்தில் வேலை செய்வோருக்குத் தோலரிப்பும் மூச்சிழுப்பும் உண்டாகலாம். அடர்ந்த புற்றரையிலோ இதன் நாற்று எழும்புதல் அரிது.

நட்ட புல் பிடிக்காவிடின் பலரும் நீர் போதாமையையே குறைகூறுவர். பெரும்பாலும் குற்றம் மண்ணிலேயே உள்ளது. குழி வெட்டுவோர் மேல்மண்ணையும் அடிமண்ணையும் ஒன்றாய்க் குவித்து, கலந்தவாறே மூடி, அதன்மேல் உருளையை ஓட்டுகின்றனர். யாழ்ப்பாணத்தில் அடியிலிருந்து வருவது சுண்ணக்கல். சீமெந்து கழுவிய நீரும் அதனோடு சேர்ந்தால் மண்ணின் காரத்தன்மை மிகும். புல் இரும்புச்சத்தை எடுக்கவியலாது மஞ்சளாகும். இம்மஞ்சளுக்கு யூரியா மருந்தன்று.

ஆதலால் வேலை தொடங்குமுன்பே ஒப்பந்தக்காரரைக் கண்டு, மேல்மண்ணை 4 முதல் 6 அங்குல ஆழத்திற்கு வேறாக எடுத்துவைக்கும்படி கேட்டல் நன்று. பின்னர் கேட்பதிற் பயனில்லை. வேலை முடிந்ததும், உள்ளூராட்சி மன்றத்தின் சம்மதத்துடன், கல்லையுஞ் சீமெந்துக் கட்டிகளையும் அகற்றி, நிலத்தை அலவாங்கினால் 6 முதல் 8 அங்குலம் வரை பிளந்து இளக்குதல் வேண்டும். குழாய் புதைந்துள்ள இடத்தில் இதனை மிகக் கவனமாகச் செய்க. ஓரடிக் குழியில் நீர் நிரப்பிப் பார்க்கலாம். மறுநாளும் நீர் நின்றால் இளக்கியது போதாது. அதன்மேல் கூட்டெரு கலந்த மேல்மண்ணைப் பரப்புக. மண் இறுகிப் படிந்தபின் தரை தார் விளிம்பிலும் ஓரங்குலந் தாழ இருப்பின் வீதிநீர் தடையின்றிப் புல்லில் இறங்கும்.

வெயிலுள்ள இடத்திற்கு அறுகே சிறந்தது. வேம்பின் நிழலில் அது மெலிந்துபோகும். அங்கே அகன்ற இலையுடைய மலேசியப் புல்லை நீரூற்றி வளர்க்கலாம். ஆயினும் அறுகு கமக்காரருக்குப் பழைய பகையன்றோ! தோட்ட வேலியோரத்தில் ஒரு முழ அகலத்தைக் கொத்தி வைத்திராவிடின் அது பாத்திக்குள் ஓடிவிடும்.

ஐப்பசி மழையின் தொடக்கமே நடுகைக்கு ஏற்ற காலம். கார்த்திகைப் பெருமழையில் நட்டவை அள்ளுண்டு போகும். இரண்டு மூன்று கணுக்களுள்ள கொடித்துண்டுகளை 4 முதல் 6 அங்குல இடைவெளியில் ஊன்றி மிதித்துவிடுக. மழை பிந்தினால் இரு வாரங்கள் நாடோறும் நீர் வேண்டும். வாய்க்காற் சரிவிற் கொடித்துண்டு நில்லாது. அங்கே புற்கட்டிகளைச் சரிவுக்குக் குறுக்காக, செங்கல் அடுக்குவதுபோல மாறிமாறிப் பதித்து, பூவரசங் குச்சிகளால் அறைதல் வேண்டும்.

முதலாண்டில் ஒவ்வொரு மழைக்குப்பின்னும் ஓரத்தைச் சுற்றிப்பார்த்து, பார்த்தீனிய நாற்றுகளைப் பூக்குமுன் கையுறையணிந்து வேரோடு பிடுங்குதல் அவசியம். பூத்த செடிகளைக் கூட்டெருக் குழியிற் போடலாகாது.