வேஷக்காரன் நிறுத்தும் வரை

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். மிருதங்கக்காரர் கண் வேஷக்காரர் காலிலேயே இருக்கும். கட்டை வேஷம் கட்டிய துரியோதனன் எத்தனை சுற்றுச் சுழன்று ஆடுவான் என்று யாருக்கும் தெரியாது. அவன் ஆடும்வரை முகவீணையும் தாளமும் ஓயக் கூடாது. அவன் நின்றால் அந்த நொடியே நிற்க வேண்டும். வீடியோ கேமுக்கு இசையமைப்பவரின் நிலையும் இதுதான். சினிமாச் சண்டைக்கு இத்தனை நிமிஷம் என்று கணக்குண்டு. கேமில் ஒருவன் அரை நிமிஷத்தில் தாண்டும் இடத்தில் இன்னொருவன் அரை மணி நேரம் முட்டி மோதுவான்.

1978இல் ஜப்பானில் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் இருந்தது நான்கே சுரம். இறங்குமுகமாக, திரும்பத் திரும்ப அதேதான். திரையில் எதிரிகள் குறையக் குறைய மிஞ்சியவர்களின் வேகம் கூடும்; சுரங்களும் கூடவே ஓடும். ஆடுபவன் கை பதறுவதற்குப் பாதிக் காரணம் அந்த ஓட்டம்தான். 1985இல் கோஜி கோண்டோ சூப்பர் மாரியோவுக்கு மெட்டுப் போட்டபோது, மெட்டுக்கு இரண்டு குரல், அடிநாதத்துக்கு ஒன்று, மேளத்துக்கு வெறும் இரைச்சல் என்று சொற்பமான வசதிதான் இருந்தது. மிச்ச நேரம் நூறுக்குக் கீழே இறங்கியதும் அதே மெட்டு விரைவுகாலத்தில் பாயும். எண்ணைப் பார்க்காதவனுக்கும் காது சொல்லிவிடும்.

பாட்டை எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்பது அடுத்த சிக்கல். மைக்கேல் லாண்டும் பீட்டர் மெக்கானலும் செய்த ஐமியூஸ் மென்பொருள், 1991இல் மங்கி ஐலண்ட் 2 கேமில், தாளம் ஒரு முடிப்புக்கு வரும்வரை காத்திருந்து அடுத்த மெட்டுக்கு வழுக்கிப் போனது. இன்னொரு வழியும் உண்டு. வயலின், பறை, புல்லாங்குழல் எல்லாவற்றையும் தனித்தனி அடுக்காகப் பதிந்து, எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிடுவார்கள். எதிரி உங்களைப் பார்க்கும்வரை பறையின் ஒலியளவு சுழியம். பார்த்துவிட்டான் என்றால் ஏறும்.

நம் வீட்டுக்குள் வரும் உதாரணம் வெண்பா. டொரோண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட சமையல் விளையாட்டு இது. 1980களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா சமைக்கும்போது பாட்டு ஒலிக்கும். ஆண்டுகள் நகர நகர அந்தந்தக் காலத்துத் தமிழ் சினிமாப் பாணிக்குப் பாட்டும் மாறும். எத்தனை ஆண்டு போயிற்று என்று எழுதிக் காட்டுவதைவிட இது எனக்கு உறைத்தது.

எல்லாக் கேமுக்கும் இசை வேண்டும் என்பதில்லை. நம் பையன்கள் போனில் ஆடும் பிஜிஎம்ஐயில் பாட்டெல்லாம் ஆட்டம் தொடங்குமுன் காத்திருக்கும் லாபியோடு சரி. விமானத்திலிருந்து குதித்து இறங்கியபின் காலடிச் சத்தம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று இயர்போன்தான் சொல்ல வேண்டும். அங்கே பின்னணி இசை போட்டால் ஆடுபவர்களே முதல் வேலையாக அதை அணைத்துவிடுவார்கள்.